பிடிஎஃப் போட்டால் மட்டும் போதுமா?

இணைய வகுப்பு வந்ததால் மாற்றுத்திறனாளிகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. என் தங்கைக்குப் பார்வை இல்லை. தொலைநிலையில் பி.ஏ. வரலாறு படிக்கிறாள். கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள்) வைத்திருக்கிறாள், அது தமிழையும் வாசிக்கும்.

ஆனால் பாடக்குறிப்பு பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பிடிஎஃப். கண்ணுக்கு அது தமிழ். உள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்தெழுத்தாகப் போனால் திரைவாசிப்பான் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்கிறது! முதல்நாள் சிரித்தோம், அப்புறம் சிரிப்பு வரவில்லை. இன்னொரு பாடம் ஸ்கேன் செய்த படம், அதில் வாசிக்க எழுத்தே கிடையாது. கடைசியில் ராத்திரி உட்கார்ந்து நான்தான் வாசித்துப் பதிவு செய்கிறேன். தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் சேமிக்கும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு ஏற்றதோ 2010-இலேயே.

தேர்வு இன்னும் மோசம். பார்வையற்றோருக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலே சொன்னது. இணையத் தேர்விலோ கடிகாரம் எல்லாருக்கும் ஒன்றுதான், நேரம் முடிந்ததும் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது. 'சமர்ப்பி' பொத்தானுக்குத் திரைவாசிப்பான் படிக்கும்படி பெயர் வைக்காததால் வெறுமனே 'பட்டன்' என்றுதான் கேட்கிறது, எந்தப் பட்டன் என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

பல்கலைக்கழகத்தில் கேட்டால் "ஸ்பெஷல் கேஸ், மெயில் போடுங்க" என்கிறார்கள். சரி, போட்டோம். மூன்று முறை.