8 ரூபா வித்தியாசத்துக்கு 200 ரூபா கழிவு

"டீசல்தானேப்பா போடுற, பெட்ரோலை விட கம்மிதானே?"

இந்த வார்த்தைய இனிமே எவராவது என் காது கேக்க சொன்னாருன்னா, வண்டிய அங்கயே ஆஃப் பண்ணி சாவிய அவரு கையில குடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன். நேத்து ஒருத்தரு சொன்னாரு. எங்க வச்சு சொன்னாரு தெரியுமா? டீக்கடையில இல்ல. ஃபோன்ல வாடகை பேசுறப்ப இல்ல. ரெண்டாவது மாடியிலேர்ந்து டபுள் டோர் ஃபிரிட்ஜ் பாதி படி எறங்கி, திருப்பத்துல மாட்டிக்கினு, என் லோடு மேனுங்க ரெண்டு பேரும் நெஞ்சையும் முதுகையும் குடுத்து அதைத் தாங்கிக்கினு நிக்கிறப்போ சொன்னாரு.

தண்டையார்பேட்டையிலேர்ந்து கொடுங்கையூருக்கு வீடு காலி பண்ற லோடு. ரெண்டு ஆள் கூலி சேத்து 3,000 ரூபா. முந்தின நாளே பேசி முடிச்சாச்சு. பீரோ எறங்கிடுச்சு, கட்டில் எறங்கிடுச்சு, மூட்டை முடிச்செல்லாம் என் குட்டி யானை மேல ஏறிடுச்சு. அதுவரைக்கும் மனுஷன் வாயே தொறக்கல. நல்ல மனுஷன்னு நானும் நெனச்சேன். நம்ம ஏரியா பழைய வீட்டு மாடிப்படி உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் ஏறுனா எதிர்ல வர்றவரு பல்லி மாதிரி சுவத்துல ஒட்டிக்கணும். அதுல ஃபிரிட்ஜை செங்குத்தா எறக்க முடியாது, படுக்க வச்சும் எறக்க முடியாது. சாய்ச்சு, திருப்பி, கைப்பிடிச் சுவருக்கு மேல தூக்கி எடுக்கணும். அந்தத் தூக்குற நொடிக்கு ரெண்டு படி முன்னாடி மேலேர்ந்து குரல் வருது.

"தம்பி, ஒரு நிமிஷம்."

"சார், எறக்கி வச்சுட்டுப் பேசலாம் சார்."

"ஒரு நிமிஷம்தான். மூவாயிரம் ஜாஸ்தியா இருக்கே. ஒரு முந்நூறு கொறைச்சுக்க. டீசல்தானேப்பா போடுற, பெட்ரோலை விட கம்மிதானே?"

கீழ்ப்பக்கம் குமாரு. மேல்பக்கம் ஏழுமலை. குமாரு கழுத்து நரம்பு கட்டை விரல் மொத்தத்துக்குப் பொடைச்சுக்கினு நிக்குது. நான் அவனுக்கும் கீழ நின்னு அண்ணாந்து பாத்து, சார் ப்ளீஸ் சார்னு கெஞ்சுறேன். அவரு லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு, ஏதோ பட்டிமன்றத்துல உக்காந்த மாதிரி நிதானமா, "நீ நம்ப மாட்ட. என் பையன் அமெரிக்காவுல இருக்கான், அவனையே கேட்டுடலாம்"ங்கறாரு. எதுக்கு? தண்டையார்பேட்டை வண்டி வாடகைக்கு டெக்ஸாஸ்லேர்ந்து எதுக்கு சாட்சி? அங்க நடுராத்திரி வேற. அந்தப் பையன் ரெண்டாவது ரிங்லயே எடுக்கறான். தூங்கவே மாட்டானா அவன்?

ஸ்பீக்கர் ஆன்.

"ஆக்சுவலா ப்ரோ, எங்க ஊர்ல அப்படியே உல்ட்டா. டீசல்தான் காஸ்ட்லி, கேஸ் சீப்."

அவரு அப்பா உடனே, "கேஸா? சிலிண்டரா சொல்ற?"

உள்ளேர்ந்து அந்தம்மா, "ஐயையோ, சிலிண்டரை இன்னும் கழட்டவே இல்லங்க!"

அமெரிக்காவுல பெட்ரோலைத்தான் கேஸுன்னு சொல்லுவாங்களாம். கேஸோலின்ங்கறதோட சுருக்கமாம். இதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியா வெளக்க ரெண்டு நிமிஷம். அது புரிஞ்சதுக்கப்புறம் அந்தம்மா, "அப்ப அங்க சிலிண்டருக்கு என்னடா சொல்லுவாங்க?"ன்னு ஒரு கேள்வி. நியாயமான கேள்விதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஃபிரிட்ஜ் அந்தரத்துல கீதும்மா!

பையன் நிறுத்துவான்னு பாத்தா, இப்பத்தான் கியர் மாத்தறான். கச்சா எண்ணெய் ஒரு பேரல் 159 லிட்டராம். அதைக் கொதிக்க வச்சா பெட்ரோல் மேல் தட்டுல, டீசல் அதுக்கும் கீழ் தட்டுல பிரியுமாம். அங்க கார் பூரா பெட்ரோல்தான்ங்கறதால ரிஃபைனரியே பெட்ரோலுக்குத் தோதா கட்டி வச்சுருக்காங்களாம். பேரல்ல பாதி பெட்ரோல், கால்வாசி சொச்சம்தான் டீசல். அந்த டீசலுக்கு லாரிக்காரன், ரயில்காரன், டிராக்டர்காரன், வெளிநாட்டுக்காரன்னு எல்லாரும் அடிச்சுக்கறாங்க. குளிர் காலம் வந்தா வீட்டைச் சூடு பண்றதுக்குன்னு இன்னொரு கூட்டம் கிட்டத்தட்ட அதே எண்ணெய்க்கு வந்து நிக்குது. அதுக்கு மேல சர்க்காரு வரி. ஒரு காலனுக்கு, அதாவது நம்ம கணக்குல மூணே முக்கா லிட்டர் சொச்சத்துக்கு, பெட்ரோல்ல 18.4 சென்ட், டீசல்ல 24.4 சென்ட்.

"அண்ணே," இது குமாரு. "தலையில என்னமோ சொட்டுது."

"ஃபிரிட்ஜ் தண்ணிடா, பொறுத்துக்க."

பையன் கந்தகத்துக்கு வந்துட்டான். 2006-லேர்ந்து அங்க டீசல்ல கந்தகத்தை 15 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்குல 15 பங்குக்குக் கொறைச்சாங்களாம், அதை எடுக்கற செலவும் வெலையில ஏறுதாம். "ஸோ ப்ரோ, நீங்க லக்கி."

லக்கி. குமாரு தலையில வெள்ளையா என்னமோ வழியுது, ஏழுமலைக்குக் கால் நடுங்குது, நான் லக்கி.

சரி, கணக்குக்கே வரேன். போக வர 14 கிலோமீட்டர். என் வண்டிக்குச் சுமாரா ஒரு லிட்டர் டீசல். நம்ம ஊர்ல பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி நிக்குது, டீசல் 92 சொச்சம். வித்தியாசம் 8 ரூபா. டீசல் கம்மின்னு கழிவு கேக்கறதா இருந்தா, சார், உங்களுக்கு நியாயமா சேர வேண்டியது 8 ரூபா. ரவுண்டா 10 ரூபாயா வச்சுக்கங்க, பாக்கியில டீ குடிங்க. 300 எந்தக் கணக்குல வந்துச்சு?

இதை நான் அங்க சொன்னேனா? சொல்லல. ஃபிரிட்ஜ் பாதி படியில நிக்கிறப்ப பேரம் யாரு ஜெயிப்பா? 200-க்கு ஒத்துக்கினேன். "சரி சார், 2,800 குடுங்க"ன்னு நான் சொன்ன அடுத்த நொடி ஃபோன் கட். பையனுக்குத் தூக்கம் வந்துடுச்சு.

ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரல. அவன் சொன்னது புருடான்னு நிரூபிக்கணும்னு செல்லைத் தூக்கி வச்சுக்கினு தேடுனா, அத்தனையும் சரி. ஒண்ணு கூடத் தப்பில்ல. கடுப்பு இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு. அதோட விட்டுருக்கலாம். கை சும்மா இல்லாம நம்ம ஊரு கணக்கையும் பாத்தேன். 2022 ஜூன்ல டெல்லி வெலை எப்படிக் கட்டுனாங்கன்னு கெடச்சுது. வரியும் டீலர் கமிஷனும் ஏறுறதுக்கு முன்னாடி பெட்ரோல் 57 ரூபா சொச்சம். டீசல்? 58 ரூபா சொச்சம்! நம்ம ஊர்லயும் சரக்கு வெலையில டீசல்தான் ஒசத்தி. அப்பால அன்னிக்கு மத்திய சர்க்காரு வரி லிட்டருக்கு பெட்ரோலுக்கு 19.90, டீசலுக்கு 15.80 ரூபா. நம்ம மாநிலத்துல பெட்ரோலுக்கு 13 சதவீதமும் 11.52 ரூபாயும், டீசலுக்கு 11 சதவீதமும் 9.62 ரூபாயும். ஆக, டீசல் சீப் கெடையாது. பெட்ரோல்காரனுக்கு விழுந்த அடியை விட எனக்கு அடி கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ரெண்டு கால் ஒடிஞ்சுது, உனக்கு ஒண்ணுதானே, நீ லக்கி.

நானும் ஒரு காலத்துல லக்கியாத்தான் இருந்தேன். 2012-ல நான் மொத வண்டி எடுக்கறப்ப ரெண்டுக்கும் நடுவுல 30 ரூபாய்க்கு மேல பள்ளம். "கண்ணை மூடிக்கினு டீசல் எடுடா"ன்னு மாமா சொன்னாரு, எடுத்தேன். எடுத்து மூச்சு விடல. 2013 ஜனவரியிலேர்ந்து மாசம் 50 பைசா, 50 பைசாவா ஏத்துனாங்க. வலிக்காம ஊசி போடுறாங்களாம். 2014 அக்டோபர்ல வெலைக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க. 2017 ஜூன்லேர்ந்து தெனம் காலைல ஆறு மணிக்கு ஒரு வெலை. கொரோனாவுல ஒலகமே முடங்கி கச்சா எண்ணெய் வெலை பாதாளத்துக்குப் போனப்ப, அந்தப் புண்ணியம் நமக்கு வருமான்னு பாத்தா, 2020 மே மாசம் ஒரே ராத்திரியில பெட்ரோலுக்கு 10 ரூபா, டீசலுக்கு 13 ரூபா வரி. அந்த ஜூன்ல டெல்லியில டீசல் பெட்ரோலையே தாண்டிடுச்சு. வருத்தமா இருந்துச்சா உங்களுக்கு? எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, மாமாவுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல.

2021 தேர்தல்ல தி.மு.க.காரங்க பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 ரூபா கொறைப்போம்னு சொன்னாங்க. ஆகஸ்ட்ல பட்ஜெட் வந்துச்சு, பெட்ரோலுக்கு 3 ரூபா கொறைஞ்சுது. டீசலுக்கு ஒரு பைசா இல்ல. அன்னிக்கு வீட்டுல கூட, பெட்ரோல் ஸ்கூட்டி வச்சுருக்கற என் மச்சான் வந்து லட்டு வாங்கிக் குடுத்துட்டுப் போனான். அதே வருஷம் நவம்பர்ல மத்திய சர்க்காருக்காரங்க டீசலுக்கு 10 ரூபா வரி கொறைச்சாங்க, அதை மறைக்க மாட்டேன். குத்துனவனே கட்டுப் போட்டா நன்றி சொல்லணுமான்னு மட்டும் தெரியல.

இதுல இன்னொரு கொடுமை, இந்த டீசல் எங்கேர்ந்து வருது? துபாய்லேர்ந்து யாராவது தலையில வச்சுத் தூக்கிக்கினு வர்றாங்களா? ரிஃபைனரி மணலியில கீது. 1969-லேர்ந்து நம்ம மூக்குக்கு நேரா நிக்குது. மழை பெஞ்ச அடுத்த நாள் காத்து மாறுனா கதவைச் சாத்திக்கினு உக்காந்துக்கறது நாம. 2013-ல தண்டையார்பேட்டையில நிலத்தடி பைப் ஒழுகி, போர் அடிச்சா தண்ணியில எண்ணெய் வாடை அடிச்சுது. 2017-ல எண்ணூர் கடல்ல ரெண்டு கப்பல் மோதிக்கினு கொட்டுன எண்ணெயை நம்ம பசங்கதான் பக்கெட்டுல அள்ளுனாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் கழிமுகத்துல படகு, வலை, கரையோர வீட்டுச் சுவரு எல்லாம் கறுப்பு. கொட்டுறப்ப எல்லாம் நமக்கு இலவசம். பங்க்ல போய் நின்னா மட்டும், "ஜீரோ பாத்துக்கோணா". நேத்து 500 ரூபாய்க்குப் போட்டேன். அஞ்சரை லிட்டர் கூட வரல.

அதுவும் போகட்டும்னா, ஃபிரிட்ஜை ஏத்திக்கினு கெளம்புனா கொருக்குப்பேட்டை கேட் போட்டுட்டாங்க. இருவது நிமிஷம். முன்னாடி ஒரு தண்ணி லாரி, பின்னாடி கண்டெய்னர், நடுவுல நான். என்ன வண்டி போகுதுன்னு எட்டிப் பாத்தா, டேங்கர் கூட்ஸ். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கினே இருந்தேன், முப்பத்தி சொச்சத்துல விட்டுட்டேன். என் டேங்க்ல முள்ளு கீழ படுத்துக்கினு கீது, கண்ணு முன்னாடி ரயில் கணக்குல எண்ணெய் ஆடி அசைஞ்சு போவுது. பக்கத்து சீட்டுல அந்த சார். "பாத்தியா தம்பி, எவ்ளோ டீசல்!"ங்கறாரு.

நான் ஒண்ணும் சொல்லல. பின்னாடி குமாரு கத்துறான், "அண்ணே, இது தண்ணி இல்லண்ணே. புளிச்ச வாடை அடிக்குது."

எறங்கிப் போய்ப் பாத்தேன். ஃபிரிட்ஜ் கதவு இடுக்குலேர்ந்து வெள்ளையா கெட்டியா ஒழுகி, வண்டித் தட்டு பூரா பரவி, அந்தம்மாவோட பட்டுப்புடவை மூட்டை வரைக்கும் போயிடுச்சு. இட்லி மாவு. ஒரு அண்டா மாவை மூடி கூடக் கட்டாம உள்ள வச்சுட்டு ஃபிரிட்ஜைத் தூக்கச் சொல்லிருக்காங்க. குமாரு தலை, தோள், சட்டை எல்லாம் மாவு. அதுல ரெண்டு வெந்தயம் காதுல ஒட்டிக்கினு கீது. எனக்கு வந்த சிரிப்பு, கேட் தொறந்து பின்னாடி கண்டெய்னர்காரன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் நிக்கல. குமாரும் சிரிச்சான். சார் மட்டும் எறங்கி வந்து மாவைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல.

கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வீடு காலி பண்ணப் போறோம்னு ஒரு மாசம் முன்னாடியே தெரியும்ல? முந்தின நாள் ராத்திரி யாருங்க நாலு படி அரிசி போட்டு மாவு ஆட்டுறது?