பெரியப்பாவுக்கு எந்த லினக்ஸ்?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் விற்கும் கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். "விண்டோஸ் போட்டுத் தரவா?" என்ற கேள்வி மூன்று மொழிகளில் காதில் விழும். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுத் தரவா என்று இந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு கடைக்காரரும் என்னைக் கேட்டதில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் பெரியப்பாவின் லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி. குறை ஒன்றும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. "நல்லா ஓடுறதைத் தூக்கிப் போடணுமாடா?" என்றார். பென் டிரைவோடு கிளம்பினேன்.

கிளம்பும் முன் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேரிடம் எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டிஸ்ட்ரோ) போடலாம் என்று கேட்டேன். ஐந்து பெயர்கள் வந்தன. மென்பொருளை நிறுவ ஸ்னாப்பா பிளாட்பேக்கா என்று மதியச் சாப்பாடு முழுக்கச் சண்டை. பெரியப்பா கேட்டதோ மூன்றே கேள்விகள். தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்க முடியுமா? பிரிண்டர் வேலை செய்யுமா? கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?

பிரிண்டர் செருகியதும் வேலை செய்தது. அதை விடுங்கள்.

தமிழ்99-க்குத்தான் முக்கால் மணி நேரம் போனது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் இருக்கிறது, சரி. அதைத் தேர்ந்தெடுத்து "அப்பா" என்று அடித்தால் நடுவில் புள்ளி வராது. தமிழ்99-ன் அழகே, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுவதுதான். விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் பொருத்தும் பட்டியலால் அது முடியாது. ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருளைப் போட்டு, அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவி, அதில் இருக்கும் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். தெரிந்தவனுக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாதவர் "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று முடிவு கட்டி மூடி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருபத்தைந்து வருடம் தமிழ்99-ல் பழகிய விரல் அது.

ஒரு டிஸ்ட்ரோவை ஆட்கள் விட்டுப் போவதும் இப்படித்தான். கொள்கைக்காகப் போகிறவர்கள் சிலர். கை பழகியது மாறியதற்காகப் போகிறவர்கள்தான் அதிகம். 2011-ல் உபுண்டு என்ற டிஸ்ட்ரோ க்னோம் என்ற திரை அமைப்பை விட்டு யூனிட்டிக்கு மாறி, எல்லாவற்றையும் இடது ஓரத்துக்குக் கொண்டு போனபோது எத்தனை பேர் மின்ட் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவுக்குத் தாவினார்கள்! நானும் ஒருவன். 2017-ல் உபுண்டு மறுபடி க்னோமுக்கே வந்தது. போனவர்களில் நிறைய பேர் திரும்பவில்லை. டெபியன் என்ற டிஸ்ட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறை மாதிரி நிற்கும். ஆனால் 2023-ல் 12-ஆம் பதிப்பு வரும் வரை, அதன் வழக்கமான நிறுவல் கோப்பில் திறந்த உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் (வைஃபை போன்ற சாதனங்களை இயக்கும் கோப்புகள்) இருந்ததில்லை. பல லேப்டாப்புகளில் முதல் நாளே வைஃபை வராமல் போனது. இணையம் இல்லாத கணினியில் இணையத்துக்கான கோப்பை எங்கே போய்த் தேடுவது? உரிமக் கொள்கையின் நியாயம் எனக்குப் புரிகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க முடிந்ததில்லை.

நான் வைத்திருப்பது ஆர்ச் என்ற டிஸ்ட்ரோ. (ஆமாம், ஆர்ச் ஆட்கள் வழக்கப்படி எனக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அதை இதுவரை யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை. அப்டேட்டுக்கு முன் அறிவிப்புப் பக்கத்தைப் படி என்று பெரியப்பாவிடம் சொன்னால் லேப்டாப்பையே என் தலையில் கட்டிவிடுவார்.

கடைசியில் மின்ட் 22, அதன் சின்னமன் திரை அமைப்போடு. மெனு கீழே இடது மூலையில், அவர் கை போகிற இடத்தில். 2029 வரை ஆதரவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், போனிலேயே "அந்த மூலையை அமுக்குங்க பெரியப்பா" என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அது மனப்பாடம். உண்மையில் நான் அவருக்காகத் தேர்ந்தெடுத்தது டிஸ்ட்ரோவை இல்லை, என் போன் நம்பரை. மூன்றாவது கேள்விதான் அவருடைய முதல் கேள்வி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"மாடியில குடியிருக்கிற பையன் உபுண்டு வச்சிருக்கானாம். அதையே போட்டுடேன்."

"இதுல என்ன குறை பெரியப்பா? உள்ளே ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"குறை ஒண்ணும் இல்லடா. நீ அல்சூர்லேர்ந்து வரணும். அவன் படி இறங்கினா போதும்."

சனிக்கிழமை போகிறேன். ஐபஸை மட்டும் நானே போட்டுவிட்டு வர வேண்டும். அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது.