எண்ணைக் கேட்டது கல்லாவில், நீக்கச் சொல்வது எங்கே?

துணிக்கடையில் பில் போடும்போது "போன் நம்பர் சொல்லுங்க" என்பவர் அது எதற்கு என்று சொல்வதில்லை. பின்னால் வரிசை நிற்பதால் நாமும் கேட்பதில்லை. அந்த எண்ணுக்கு ஆடித் தள்ளுபடி, அட்சய திருதியை, தீபாவளி என்று ஆண்டு முழுவதும் குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருக்கும். வியாபாரம் என்றால் விளம்பரம் இருக்கத்தான் செய்யும், அதில் எனக்குக் கோபமில்லை. வேண்டாம் என்று சொல்ல வழி தேடும்போதுதான் எரிச்சல் வருகிறது.

அமெரிக்காவில் இத்தகைய செய்திக்கு 'ஸ்டாப்' என்று பதில் அனுப்பினால் போதும். இங்கே விளம்பரச் செய்தி சாதாரண எண்ணிலிருந்து வராமல் ஹெடர் எனப்படும் பதிவு செய்த பெயரிலிருந்து வருவதால், அதற்குப் பதில் அனுப்பவே முடியாது. ஆகவே சில நிறுவனங்கள் செய்தியின் அடியில், விலக விரும்பினால் தொடுமாறு ஒரு குறுக்கப்பட்ட இணைப்பைத் தருகின்றன. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள் என்று வங்கிகளும் காவல்துறையும் ஓயாமல் எச்சரிக்கும் காலத்தில், வீட்டுப் பெரியவர்கள் அதைத் தொடத் தயங்குவதே முறை. முன்கூட்டிப் பதிவு செய்யாத இணைப்புள்ள செய்திகளை 2024 அக்டோபர் முதல் தடுக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் செய்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எது பதிவானது, எது மோசடி என்று திரையைப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

விளம்பரங்களைத் தடுக்கப் பதிவு செய்துகொள்ளும் 1909 எண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் நாம் ஒப்புதல் தந்ததாகக் கடை பதிந்து வைத்திருந்தால், அங்கே பதிந்த டிஎன்டி ('தொந்தரவு செய்யாதே') தடையையும் தாண்டிச் செய்தி வரலாம்.

2025 பிப்ரவரியில் ட்ராய் விதிகளைத் திருத்தியது. விளம்பரச் செய்தியில் விலகும் வழி கட்டாயம். விலகியவரிடம் 90 நாட்களுக்கு மறுபடி ஒப்புதல் கேட்கக் கூடாது. ஹெடரின் இறுதியில் விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுச் செய்திக்கு 'ஜி' என்று குறி இருக்க வேண்டும். புகார் அளிக்கும் கெடுவும் மூன்று நாளிலிருந்து ஏழு நாளாயிற்று. எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் கிளைக்கொரு எக்செல் கோப்பும், பண்டிகைக்கொரு பல்க் எஸ்எம்எஸ் முகவரும் வைத்திருக்கும் கடையில், ஒரு பட்டியலிலிருந்து நீக்கிய எண் மற்றொன்றில் அப்படியே கிடக்கும். குறுஞ்செய்தியை நிறுத்திவிட்டு அதே விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவோரும் உண்டு, அங்கே ட்ராயின் இந்த விதிகள் செல்லாது. விலகியவர்களின் பட்டியல் நிறுவனம் முழுமைக்கும் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். எந்த முகவர் அனுப்பினாலும், எந்த வழியில் அனுப்பினாலும், அந்தப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே செய்தி வெளியே போக வேண்டும்.

ஒப்புதலைத் தந்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் ஏறத்தாழ அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அப்படியானால் கல்லாவில் வாய்மொழியாக வாங்கிய எண்ணைக் கல்லாவிலேயே வாய்மொழியாக நீக்கச் சொல்ல முடிய வேண்டும். பில் போடும் கணினியில் அதற்கென ஒரு பொத்தான் வைப்பது பெரிய செலவன்று. "ஹெட் ஆபீசுக்கு மெயில் போடுங்க சார்" என்று கைகாட்டுவதை ஏற்க முடியாது.

அந்தப் பொத்தான் விளம்பரத்தை மட்டுமே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சீட்டுத் தவணை கட்டியதற்கான ரசீதும் தைக்கக் கொடுத்த ரவிக்கை தயார் என்ற தகவலும் விலகியவருக்கும் வந்தாக வேண்டும்.