“தனியாத்தானே வர்றீங்க?”

“நீங்க தனியாத்தானே வர்றீங்க, கொஞ்சம் அந்த சீட்டுக்கு மாறிக்க முடியுமா?”

விமானத்தில் ஏறிப் பையை மேலே வைத்து, ஷூவைக் கழற்றி, அப்பாடா என்று சாயும் நேரம் பார்த்துத்தான் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர்தான், பக்கத்தில் மனைவியோ கணவரோ கையில் பையோடு நின்றுகொண்டிருப்பார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் வருத்தமெல்லாம் அந்தத் “தனியாத்தானே” மேல்தான். ஒத்தை ஆள் என்றால் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான், மிச்சம் இருப்பதைக் கொடுத்தால் போதும் என்ற முடிவு அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதில் கொடுமை, டிக்கெட் போடும்போது நாமே அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். பிசினஸ் கிளாஸ்தானே, எந்த சீட்டாக இருந்தால் என்ன என்று சீட் தேர்வுப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

நான் நேர் எதிராகச் சொல்வேன். ஜோடியாகப் போகிறவர்களுக்குத்தான் எந்த சீட்டும் ஓரளவு ஒத்துப்போகும். பக்கத்தில் இருப்பது நம் ஆள், அவரைத் தாண்டிப் போகலாம், தட்டி எழுப்பலாம், பையைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு பாத்ரூம் போகலாம், வாயைத் திறந்துகொண்டு தூங்கினாலும் கவலை இல்லை. தனியாகப் போகிறவருக்கு இதில் ஒன்றுமே கிடையாது. அதனால் சீட் மேப்பைத் திறந்து வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

எனக்கு இது உறைத்தது ஒரு இரவு விமானத்தில். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. 2-2-2 அமைப்பு, அதாவது இரண்டு ஜன்னல் பக்கமும் இரண்டிரண்டு சீட், நடுவில் இரண்டு. ஜன்னல் என்றால் யாருக்கு ஆசை இருக்காது, அதைத்தான் எடுத்திருந்தேன். விளக்கை அணைத்து எல்லோரும் சீட்டைப் படுக்கையாக்கிப் படுத்த பிறகு, நடு ராத்திரியில் எழுந்து போக வேண்டியிருந்தது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர், கழுத்து வரை போர்வை, கால் இரண்டும் முன் சீட்டின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நடைபாதைக்குப் போக இருந்த ஒரே வழி அவர் முழங்காலுக்கு மேலே. ஒரு கையால் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை அந்தப் பக்கம் ஊன்றி, மறு காலைத் தூக்கும்போது போர்வையின் நுனி என் பாதத்தில் மாட்டி சர்ரென்று இழுபட்டுவிட்டது. அவர் கண் விழித்துவிட்டார். அரை இருட்டில் தன் மேல் யாரோ குனிந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை என்றார். திரும்பி வந்தபோது அவர் மறுபடி தூங்கியிருந்தார். இன்னொரு முறை அவரைத் தாண்ட மனசு வராமல், அவர் தானாகப் புரண்டு விழிக்கிறவரை கேபின் திரைச்சீலைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் விடிகிறவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மறுபடி எழ வேண்டி வந்துவிடுமே என்று.

அன்றிலிருந்து ஜன்னலா நடைபாதையா என்ற கேள்வியை நான் இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். ஒரு வரிசையில் எத்தனை சீட், எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதுதான் முதலில். 1-2-1 என்றால் நிம்மதி. எல்லா சீட்டிலிருந்தும் நேராக நடைபாதையில் கால் வைக்கலாம், யாரும் யாரையும் தாண்ட வேண்டாம். 2-2-2 என்றால் ஜன்னல் பக்கமே போகாதீர்கள். ஜன்னலில் இருந்தால் நீங்கள் தாண்ட வேண்டும், அதன் பக்கத்து சீட்டில் இருந்தால் உங்களைத் தாண்டுவார்கள். நடு ஜோடியில் மட்டும்தான் இருவருக்கும் அவரவர் பக்கம் நடைபாதை உண்டு, தனி ஆளுக்கு அதுதான் சரி. 2-3-2 என்றால் அந்த மூன்றில் நடு சீட்டை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் அந்நியர்கள். எமிரேட்ஸின் 777 விமானங்கள் நீண்ட காலம் இந்த 2-3-2 அமைப்பில்தான் பறந்தன. அதே நிறுவனத்தின் ஏ380-இல் மேல் தளத்தில் இருக்கும் பிசினஸ் கிளாஸ் முழுக்க 1-2-1. போர்டிங் பாஸில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் அச்சாகும்.

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிசினஸ் கிளாஸ் என்பது வெறும் பெயர், உங்களுக்குக் கிடைக்கப்போவது எந்த விமானம் வருகிறதோ அது. ஏர் இந்தியாவின் 787-8 பழைய அமைப்பில் 18 சீட், எல்லாம் 2-2-2. 2024-இல் பறக்க ஆரம்பித்த அவர்களின் ஏ350-இல் 28 சீட், எல்லாம் 1-2-1, ஒவ்வொரு சீட்டுக்கும் தனிக் கதவே உண்டு. ஐரோப்பாவுக்குள் குறுகிய தூரம் பறக்கும் பெரும்பாலான விமானங்களில் பிசினஸ் கிளாஸ் என்பது எகானமி சீட்டேதான், நடு சீட்டைக் காலியாக விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், விமானத்தின் மாடலைப் பாருங்கள், அதற்குள்ளும் எந்த உள்ளமைப்பு என்று பாருங்கள். ஏரோலோபா என்ற தளத்தில் அளவு மாறாமல் வரைந்த படங்கள் இருக்கின்றன, எந்த சீட்டுக்கு நேராக ஜன்னல் இருக்கிறது, எதற்கு நேராக வெறும் சுவர் இருக்கிறது என்பதுவரை அதில் தெரியும். நான் அதைப் பார்க்காமல் சீட்டைத் தொடுவதே இல்லை.

தனி ஆளைப் பற்றி யோசித்து சீட் கட்டுவதற்கே இந்தத் தொழிலுக்கு வெகுகாலம் பிடித்திருக்கிறது. 2000-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாஸில் முதன்முதலாக முழுக்கத் தட்டையாகும் படுக்கையைக் கொண்டு வந்தது பெரிய விஷயம். ஆனால் அதில் ஒருவர் முன்னால் பார்த்தும் பக்கத்தில் இருப்பவர் பின்னால் பார்த்தும் உட்கார வேண்டும், ஜன்னலில் இருப்பவர் வெளியே வர அடுத்தவரின் காலைத் தாண்ட வேண்டும். 2003-இல் வர்ஜின் அட்லாண்டிக் சீட்டுகளை மீன் முள் மாதிரி சாய்த்து அடுக்கி எல்லோருக்கும் நடைபாதையைக் கொடுத்தது, ஆனால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையைப் பார்த்துப் படுக்க வேண்டும். அந்தச் சாய்வையே திருப்பிப் போட்டு, தலை நடைபாதைப் பக்கமும் கால் ஜன்னல் பக்கமுமாக வைத்ததுதான் ரிவர்ஸ் ஹெர்ரிங்போன். என்னைக் கேட்டால் தனியாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. உட்கார்ந்தாலே பார்வை ஜன்னல் பக்கம் போகும், பக்கத்து வரிசை ஆளின் முகம் தெரியாது, ஜன்னலோரத்தில் எந்த சீட்டை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வசதி.

சிக்கல் வருவது ஸ்டேகர்டு என்கிற மாற்றி மாற்றி வைத்த அமைப்பில். மேப்பில் பார்த்தால் இதுவும் 1-2-1தான். ஆனால் ஒரு வரிசையில் சீட் ஜன்னலை ஒட்டி இருக்கும், மேஜை நடைபாதைப் பக்கம் இருக்கும். அடுத்த வரிசையில் அப்படியே தலைகீழ், மேஜை ஜன்னல் பக்கம் போய்விடும், சீட் நடைபாதையை ஒட்டி வந்துவிடும். எமிரேட்ஸ் ஏ380-இல் ஏ, கே என்ற எழுத்துகள் ஜன்னலை ஒட்டியவை, பி, ஜே நடைபாதையை ஒட்டியவை. நடுவில் இ, எஃப் இரண்டும் ஒட்டி ஒட்டி இருக்கும், கணவன் மனைவிக்கு அருமை, தெரியாத ஆளோடு என்றால் தர்மசங்கடம். டி, ஜி இரண்டுக்கும் இடையில் நல்ல இடைவெளி உண்டு. ஜன்னல் பக்கம் எல்லாம் போய்விட்டால் தனி ஆள் டி அல்லது ஜி எடுக்கலாம். வேறொரு நிறுவனத்தில் இது புரியாமல் நடைபாதையை ஒட்டிய ஜன்னல் வரிசை சீட்டை எடுத்து ஒரு இரவு முழுக்கக் கஷ்டப்பட்டிருக்கிறேன். படுத்தபோது என் முழங்கை சீட்டின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் வெளியே இருந்தது. போகிற வருகிற ஒவ்வொருவரின் இடுப்போ பையோ அதில் உரசியது, விடியற்காலையில் தள்ளுவண்டியின் மூலை வந்து நேராக முழங்கை எலும்பில் இடித்தது. ஜன்னல் ஓரம் என்று நினைத்து எடுத்த சீட்டில் ஜன்னல் ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருந்தது.

கத்தார் ஏர்வேஸின் க்யூசூட் என்ற பிசினஸ் கிளாஸ் அமைப்பில் (2017-இல் வந்தது) பின்னோக்கிய சீட்டுகள்தான் ஜன்னலை ஒட்டியவை. பின்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை சுற்றுமே என்று பலர் ஒதுங்குகிறார்கள். விமானம் மேலே ஏறும்போது உடம்பு பெல்ட் பக்கம் கொஞ்சம் சாயும், அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வித்தியாசம். மேலே போய்ச் சமநிலைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதே மறந்துவிடும். நான் தயங்காமல் அதைத்தான் எடுப்பேன்.

அப்புறம் த்ரோன் சீட். ஸ்விஸ் போன்ற சில நிறுவனங்களில் ஓர் ஓரத்தில் ஒத்தை சீட், இரண்டு கைப்பக்கமும் மேஜை, அரியணை மாதிரிதான் இருக்கும். தனிப் பயணிக்காகவே செய்தது போன்ற சீட் அது, அதனால்தான் ஸ்விஸ் அதற்குத் தனியாகக் காசு கேட்கிறது. லுஃப்தான்சாவும் 2024-இல் கொண்டுவந்த அலெக்ரிஸ் கேபினில் சீட் வகைக்குத் தக்கபடி கூடுதல் கட்டணம் வைத்துவிட்டது. பிசினஸ் கிளாஸுக்கு அவ்வளவு கொடுத்த பிறகு சீட்டுக்கும் கொடுக்க வேண்டுமா என்று எரிச்சல் வரத்தான் செய்யும், எனக்கும் வருகிறது. ஆனால் இரவு விமானம், இறங்கியதும் வேலை என்றால் நான் கொடுத்துவிடுவேன். பகல் விமானம் என்றால் கொடுக்க மாட்டேன்.

கால் வைக்கும் பொந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்டேகர்டு அமைப்பில் உங்கள் கால் முன்னால் இருப்பவரின் மேஜைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். புரண்டு படுத்தால் பாதம் சிக்கும், உயரமானவர்களுக்கு இன்னும் கஷ்டம். முதல் வரிசையில் மட்டும் முன்னால் மேஜை இல்லாததால் அந்தப் பொந்து பெரிதாக, சில விமானங்களில் சீட்டின் முழு அகலத்துக்கும் இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏ350-இல் சீட்டின் முதுகையே முன்னால் மடக்கித்தான் படுக்கையாக்க வேண்டும், கால் கோணலாகப் போகும், அங்கும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் வரிசைதான் தாராளம். ஆனால் அந்தச் சுவரில்தான் குழந்தைத் தொட்டிலும் மாட்டுவார்கள், பக்கத்திலேயே சமையலறைப் பகுதியும் கழிவறையும் வரும், திரை விலகும்போதெல்லாம் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். கால் முக்கியமா தூக்கம் முக்கியமா என்று அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தூக்கம்தான். விமானத்தின் கதவுகளுக்கு நடுவே இரண்டு மூன்று வரிசை மட்டும் உள்ள சின்ன கேபின் இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு. ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் இறக்கைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அங்கே குலுக்கல் குறைவு.

தனியாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் படுத்திருப்பவர் யார் என்று தெரியாமல் ஓர் இரவு கண்ணை மூடுவது லேசான விஷயமில்லை. என் தோழி ஒருத்தி நடு ஜோடியில் மாட்டிக்கொண்டு, பக்கத்து ஆள் ஒன்றும் செய்யவில்லைதான், ஆனாலும் அவர் பக்கம் திரும்பாமல் ஒரே பக்கமாகப் படுத்து, கழுத்து பிடித்துக்கொண்டு இறங்கினாள். நடுவில் தடுப்பு இருக்கிறதே என்பார்கள், அது எத்தனை உயரம் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். கதவுள்ள சீட்டிலும் விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் கதவு திறந்துதான் இருக்க வேண்டும். ஜன்னல் பக்க ஒத்தை சீட் கிடைக்கிற விமானமாகப் பார்த்து, முடிந்தால் பயண நேரத்தையே மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, சீட் மாறிக்கச் சொல்லிக் கேட்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? பல வருடம் நான் எழுந்து கொடுத்துவிடுவேன். மறுத்தால் கல்நெஞ்சம் என்று நினைப்பார்களோ என்று. இப்போது ஒரே கேள்வி கேட்கிறேன்: “உங்க சீட் எது?” அதுவும் ஜன்னல் பக்க ஒத்தை சீட் என்றால் சிரித்துக்கொண்டே மாறிவிடுவேன். நடு ஜோடியில் ஒன்று என்றால், “மன்னிச்சுக்குங்க, இதை ஒரு மாசத்துக்கு முன்னாடியே தேடி எடுத்தேன்” என்று சொல்லிவிடுகிறேன். சின்னக் குழந்தை பெற்றோரைப் பிரிந்து உட்கார வேண்டிய நிலை என்றால் மட்டும் கேட்பதற்கு முன்பே எழுந்துவிடுவேன், அங்கே பேச்சே இல்லை. மறுத்ததற்காக இதுவரை யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. ஒருவர், “அட, அப்படியா, நாங்க கடைசி நேரத்துலதான் பார்த்தோம்” என்று சொல்லிவிட்டு முன்னால் இருந்த வேறொரு ஜோடியிடம் பேசி, ஐந்து நிமிடத்தில் தன் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், எடுத்துவிட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. விமானத்தை மாற்றினால் சீட்டையும் கணினி தானாக மாற்றிவிடும், பெரும்பாலும் தகவல்கூட வராது. போன வாரம் செக்-இன் திறந்த உடனே போய்ப் பார்த்தால் என் ஜன்னல் சீட் இருந்த இடத்தில் வேறு எண், நடு ஜோடியில் ஒன்று. வேறு மாடல் விமானம் போட்டிருக்கிறார்கள். மேப்பைத் திறந்தேன், பின்பக்கச் சின்ன கேபினில் இடது ஓரம் ஒன்று இன்னும் காலியாக இருந்தது. அழுத்தினேன், கிடைத்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது ஜன்னல் பக்கம் ஒன்றுகூட மிச்சம் இல்லை.