ஜார்ஜ் ட்யூக்கோட இடது கை

ஆகஸ்ட் 5 வந்தாலே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். 2013ல அன்னிக்குத்தான் அமெரிக்க கீபோர்டு கலைஞர் ஜார்ஜ் ட்யூக் லாஸ் ஏஞ்சலஸ்ல இறந்து போனார், ரத்தப் புற்றுநோய், 67 வயசுதான். அவர் ரசிகர்கள் எழுதுறதையெல்லாம் வருஷா வருஷம் தேடித் தேடிப் படிப்பேன், படிச்சா ஆளாளுக்கு வேற வேற ட்யூக்கை நெனச்சு அழுதுட்டு இருப்பாங்க. ராக் கேக்குறவங்களுக்கு அவர் ஃப்ராங்க் ஜாப்பா பேண்ட்ல சிரிச்சுகிட்டே பாடின கீபோர்டிஸ்ட். ஜாஸ்காரங்களுக்கு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி கூட வாசிச்ச பியானிஸ்ட். ஆட வைக்கிற தாளம்தான் உயிர்னு இருக்குற ஃபங்க் இசையோட ரசிகர்களுக்கு 1977ல வந்த 'ரீச் ஃபார் இட்' ஆல்பம். டெனிஸ் வில்லியம்ஸ் பாடி 1984ல அமெரிக்காவுல நம்பர் ஒன் போச்சே, அந்தப் பாட்ட புரொட்யூஸ் பண்ணினவரும் இவர்தான். 2001ல டாஃப்ட் பங்க்னு ஒரு எலக்ட்ரானிக் குழு அவர் பாட்டுல ஒரு துண்ட எடுத்துத் தங்களோட பாட்டுல சாம்பிள் பண்ணினத வெச்சு அவர்கிட்ட வந்து சேர்ந்த பசங்க வேற இருக்காங்க.

இதுல எனக்கு வலிக்கிறது ஒண்ணுதான். "ஜாஸ்லயே நின்னிருந்தா எங்கயோ போயிருப்பார், காசுக்காக ஃபங்க் பக்கம் போயிட்டார்"னு ஒவ்வொரு தடவையும் யாராவது எழுதிடுறாங்க. என்னால இத ஏத்துக்கவே முடியல.

ஃபங்க் அவருக்கு நடுவுல வந்து ஒட்டிகிட்ட விஷயமே இல்லங்க. நாலு வயசுல அம்மா அவர ட்யூக் எலிங்டன் கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, வந்ததும் எனக்குப் பியானோ வேணும்னு ஒரே அடம், ஏழு வயசுல வாசிக்க ஆரம்பிச்சாச்சு. ஆனா கை துள்ளுறதுக்குக் கத்துகிட்டது கலிஃபோர்னியாவுல அவங்க ஊர் சர்ச்சுல, காஸ்பெல் பாட்டுலதான், அத அவரே சொல்லியிருக்கார். சான் ஃப்ரான்சிஸ்கோ கன்சர்வேட்டரில சேர்ந்து ட்ராம்போனும் கம்போசிஷனும் படிச்சு 1967ல டிகிரி வாங்கினதெல்லாம் அதுக்கப்புறம். மொதல்ல வந்தது சர்ச், அப்புறம்தான் கிளாஸ்ரூம்.

இன்னும் சொல்லப்போனா அந்த ஜாஸ் கர்வம் ஒரு காலத்துல அவருக்கே இருந்துச்சு. ஜாப்பா பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுல வர்ற மாதிரி டிரிப்ளெட்ஸ், அதாவது ஒரு தட்டுக்கு மூணு நோட்டு, வாசிக்கச் சொன்னப்போ, இவ்ளோ படிச்ச நான் போய் இதையா வாசிக்கிறதுன்னு தோணுச்சாம். சின்தசைசர் தொடச் சொன்னதும் பாடச் சொன்னதும் ஜாப்பாதான், இவரா ஆசப்பட்டு செஞ்சதில்ல. நடுவுல ஆடர்லிகிட்ட போயிட்டு 1973ல ஜாப்பாகிட்ட திரும்பி வந்தவர் வேற ஆளா இருந்தார். அந்தக் கர்வத்த அவர் விட்டுட்டார், அவருக்காக அத இன்னமும் தூக்கிச் சுமக்குறது நாமதான்.

நான் கொஞ்ச வருஷம் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிச்சவன், அதனால எனக்கு எப்பவும் கண்ணு அவரோட இடது கை மேலதான் இருக்கும். அவர் வாசிச்ச மினிமூக்ங்கிற சின்தசைசர்ல இடது ஓரமா ஒரு சின்ன சக்கரம், அத உருட்டினா சுரம் வளையும். ஒரு கட்டைய அமுக்கினா அந்த ஸ்வரம்தான், ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்குற எடம் கீபோர்டுக்குக் கெடையாது, கமகம் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்ளோ பெரிய கொறைன்னு சொல்ல வேண்டியதில்ல. ட்யூக் அந்தக் கொறைய சக்கரத்த வெச்சே தாண்டினார். வலது கை நாலு நோட்டு வாசிக்கும், இடது கை அத இழுத்து, தொவள விட்டு, சரியா எடத்துல கொண்டுவந்து நிறுத்தும். கேட்டா சர்ச்சுல ஒரு அம்மா உருகிப் பாடுற மாதிரியே இருக்கும். டிரம்மர் பில்லி காப்ஹாமோட 1976ல யூரோப் டூர் போனப்போ எடுத்த லைவ் ரெக்கார்டிங் கேளுங்க, அப்புறம் பேஸ் கிடார்காரர் ஸ்டான்லி கிளார்க் கூட 1981ல பண்ணின ஆல்பத்தையும் கேளுங்க, ஒண்ணு ஜாஸும் ராக்கும் கலந்த முரட்டு ஃப்யூஷன், இன்னொண்ணு காதல் பாட்டு ரேடியோவுல ஓடின ஆல்பம், ஆனா கை அதே கைதான்.

2012 ஜூலைல அவர் மனைவி கோரின் கேன்சர்ல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்கா அவரால எதுவுமே எழுத முடியல. அப்புறம் ஒரு ஜாஸ் கப்பல் பயணத்துல, நடுக்கடல்ல, பாட்டு திரும்ப வர ஆரம்பிச்சுது. அதுதான் 'ட்ரீம்வீவர்', 2013 ஜூலைல வந்துச்சு, அடுத்த மாசம் அவரும் போயிட்டார். அதுல கோரினுக்காக அவரே ஒரு பாட்டு பாடியிருக்கார், கொரல் பெருசா ஒண்ணும் பண்ணாது, சும்மா பேசுற மாதிரி வரும், முழுசா கேட்டு முடிக்க எனக்கு நாலஞ்சு தடவ ஆச்சு.

அதே ஆல்பத்துல பாடகி டீனா மேரி பாடியிருக்காங்க, அவங்க 2010லயே இறந்தவங்க. கிடார் வாசிச்ச ஜெஃப் லீ ஜான்சனும் ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். போனவங்க வாசிச்சதையும் பாடினதையும் பத்திரமா வெச்சிருந்து, பக்கத்துல தன் பங்கையும் வாசிச்சு வெச்சுட்டுப் போயிருக்கார் மனுஷன். அதுலயும் ஜாஸ் இருக்கு, ஃபங்க் இருக்கு, சர்ச்சும் இருக்கு. இன்னிக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு மொதல் பாட்டுல இருந்து அத ஒரு தடவ கேளுங்க.