"செம பாஸ்" என்றால் எதைத் திருத்துவது?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று, கீழே மின்னும் சேலத்தை ராத்திரியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "எப்படி இருக்குங்க?" என்று கேட்கிறார்கள். வருகிற பதில் "செம பாஸ்!" இல்லாவிட்டால் "ஏதோ குறையுது". எது குறைகிறது என்று சொன்னால்தானே அடுத்த தடவை மாற்ற முடியும்?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் கேமராவைத் தாங்கும் ட்ரைபாட் அசைந்திருக்கிறது. மலைக்காற்றில் ட்ரைபாடின் நடுத்தண்டை முழுசாக இறக்கி, 2 விநாடி டைமர் வைத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனை அணைக்கச் சொல்லுங்கள். விளக்குகள் வட்டமாக ஊதியிருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் பெரிதாக்கி, தூரத்து விளக்கு ஒன்றில் கையால் ஃபோகஸ் பிடிக்க வேண்டும். வானம் வெறும் கறுப்பா? சூரியன் மறைந்து 20, 30 நிமிடத்துக்குள் எடுத்திருந்தால் நீலம் நின்றிருக்கும்.

எதற்கெடுத்தாலும் "ஐஎஸ்ஓவைக் கூட்டு", அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டு என்பதுதான் தாங்க முடியவில்லை. ட்ரைபாட் இருக்கும்போது ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 10 விநாடியில் தொடங்கி, விளக்குகள் வெளுத்தால் நேரத்தைக் குறைத்தால் போதும்.

கேட்பவர்களும் செட்டிங்கே சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் சுருங்கிய படத்தில் தெரிகிற புள்ளி கேமராவில் வந்த நாய்ஸா, வாட்ஸ்அப் சுருக்கியதால் வந்த கம்ப்ரஷனா என்று எப்படிச் சொல்வது? ஒரிஜினலை டாக்குமெண்டாக அனுப்புங்கள்.