ரீசெட் போட்டால் நெட்வொர்க் லாக் போகாது

"வெளிநாட்டு லாக் போன்தானே, ஃபேக்டரி ரீசெட் போட்டால் எந்த சிம்மும் எடுக்கும்" என்று ஒரு அண்ணன் சொன்னது தவறு. நெட்வொர்க் லாக் என்பது, போனை விற்ற நெட்வொர்க் நிறுவனத்தின் சிம் மட்டுமே எடுக்கும்படி போட்ட பூட்டு. இதை நம்பி யாராவது புதுச்சேரி நேரு வீதிக் கடையில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

ரீசெட் அழிப்பது உங்கள் படங்களையும் ஆப்களையும்தான். ஐபோனில் இந்த லாக் ஐஎம்இஐ எண்ணோடு (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) சேர்த்து ஆப்பிள் சர்வரில் பதிவாகியிருக்கும். விற்ற நெட்வொர்க் நிறுவனம் விடுவித்தால்தான் உண்டு. லாக்கை ஏமாற்ற சிம்மோடு ஒட்டித் தருகிறார்களே ஒரு மெல்லிய சிப், அது எந்த அப்டேட்டில் படுக்கும் என்று சொல்ல முடியாது.

நம்மூரில் பலருக்கு பிரான்சில் சொந்தம் இருக்கிறது. அங்கே வாங்கி 3 மாதம் ஆகிவிட்டால், கேட்டதும் இலவசமாகத் திறந்து தர வேண்டும் என்பதே விதி. மாமா கிளம்பும் முன்பே கேட்கச் சொல்லுங்கள், இங்கே வந்தபின் அலைவது வீண் தலைவலி. பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து லாக் போட்டு விற்கவே தடை.

பழைய ஐபோன் வாங்கினால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் சரி. ஆண்ட்ராய்டா, உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிவிட்டே காசு கொடுங்கள். சற்று விலை கூடினாலும் அன்லாக் போனே மேல். நாளைக்கு விற்கவும் சுலபம்.

அப்புறம், அமெரிக்க ஐபோன் 14-இல் சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் (போனுக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் சிம்) மட்டும்தான்.